தின் லிஸியின் 1973 டெக்கா எல்பி: அசல் முதல் அச்சைக் கண்டுபிடித்து வாங்குவது எப்படி

அயர்லாந்தின் தின் லிஸி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 'தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்'. அந்தப் பாட்டு உள்ள 'ஜெயில்பிரேக்' எல்பியின் 1976 இங்கிலாந்து அச்சைப் பழைய இசைத்தட்டுக் கடைகளில் இன்றும் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்கலாம். அதே குழு மூன்று வருடம் முன்பு வெளியிட்ட 'வேகபாண்ட்ஸ் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' அசல் அச்சுக்கோ பல மடங்கு கேட்பார்கள். பாட்டின் தரம் இதற்குக் காரணமில்லை. முன்னது ஏராளமாக விற்றது, பின்னது விற்கவில்லை, அவ்வளவுதான். விற்காத தட்டு குறைவாகவே அச்சாகும். அச்சானதில் பாதி விருந்துகளில் தேய்ந்தும் கீறியும் போயிருக்கும். ஆகவே இந்தக் குழுவின் தட்டு எதை வாங்குவதாக இருந்தாலும் முதலில் தெரிந்திருக்க வேண்டியது, எந்த வருடத்தில் அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது.

1969 இறுதியில் டப்ளினில் குழு உருவானது. பாடகரும் பேஸ் கிதார் கலைஞருமான ஃபில் லைனட், டிரம்ஸில் பிரையன் டௌனி, 'தெம்' குழுவில் இருந்துவிட்டு வந்த பெல்ஃபாஸ்ட் கிதார் கலைஞர் எரிக் பெல், சிறிது காலம் கீபோர்டில் எரிக் ரிக்சன். 1970 ஜூலையில் அயர்லாந்தில் மட்டும் பார்லஃபோன் லேபிளில் வந்த 'தி ஃபார்மர்' சிங்கிள் விற்றது 283 பிரதி. தின் லிஸி சேகரிப்பில் கிடைப்பதற்கு மிக அரிதான தட்டுகளில் அதுவும் ஒன்று. பிறகு டெக்கா ஒப்பந்தம். 1971, 1972, 1973 என்று வருடத்துக்கு ஓர் எல்பி. மூன்றில் ஒன்றுகூட அப்போது இங்கிலாந்து ஆல்பம் பட்டியலில் ஏறவில்லை. இடையில் 'விஸ்கி இன் த ஜார்' சிங்கிள் மட்டும் 1973 தொடக்கத்தில் 6-ஆம் இடம் வரை போனது. அந்தப் பாட்டை அடுத்து வந்த எல்பியில் சேர்க்கவில்லை. இந்த விவரத்தை மறக்காதீர்கள், அசலை அடையாளம் காணும்போது தேவைப்படும்.

1973 டிசம்பர் 31 இரவு பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழக நிகழ்ச்சியின் நடுவில் எரிக் பெல் கிதாரை வீசி எறிந்துவிட்டு மேடையை விட்டுப் போனார். லைனட், டௌனி, பெல் மூவரும் சேர்ந்திருந்த காலம் அத்தோடு சரி. 1974-ல் ஸ்காட்லாந்தின் பிரையன் ராபர்ட்சனும் கலிபோர்னியாவின் ஸ்காட் கோரமும் சேர, இரட்டைக் கிதார் ஒலியும் வெர்டிகோ லேபிளும் வந்தன. 1976-ல் 'ஜெயில்பிரேக்' 10-ஆம் இடம், 1978-ல் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' 2-ஆம் இடம், 1979-ல் கேரி மூருடன் செய்த 'பிளாக் ரோஸ்' மறுபடி 2-ஆம் இடம். 1983 செப்டம்பரில் நியூரம்பெர்க் மேடையோடு குழு கலைந்தது. 1986 ஜனவரி 4-ல் லைனட் இறந்தார், வயது 36. வெர்டிகோ காலத்துத் தட்டுகள் கட்டுக்கட்டாக அச்சானவை. டெக்கா காலத்து மூன்றும் அப்படியல்ல. அந்த மூன்றில் பாட்டிலும் அட்டையிலும் முழுமை பெற்றது மூன்றாவதான 'வேகபாண்ட்ஸ்'தான். ஐரிஷ் ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக் இந்தக் குழுவுக்குப் போட்ட முதல் அட்டை இது.

அசலா, பிந்தைய அச்சா?

தேட வேண்டியது இங்கிலாந்து டெக்கா, எண் எஸ்கேஎல் 5170. அட்டை, அதன் முதுகு (பக்கவாட்டு விளிம்பு), தட்டின் நடுவே ஒட்டிய இரண்டு லேபிள்கள் என எல்லா இடத்திலும் இதே எண் இருக்க வேண்டும். லேபிள் அடர் நீலம், எழுத்து வெள்ளி நிறம், மேலே டெக்கா என்ற பெயர் ஒரு பெட்டிக்குள். முதல் பக்கத்தில் நான்கு பாட்டு: 'மாமா நேச்சர் செட்', 'தி ஹீரோ அண்ட் தி மேட்மேன்', 'ஸ்லோ புளூஸ்', 'தி ராக்கர்'. இரண்டாம் பக்கத்தில் நான்கு: 'வேகபாண்ட் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்', 'லிட்டில் கேர்ள் இன் புளூம்', 'கானா க்ரீப் அப் ஆன் யூ', 'எ சாங் ஃபார் வைல் ஐ'ம் அவே'. பட்டியலில் 'விஸ்கி இன் த ஜார்' இருந்தால் கையில் இருப்பது 1973 இங்கிலாந்து எல்பி இல்லை. வேறு நாட்டுப் பதிப்பாகவோ மறுவெளியீடாகவோ இருக்கலாம். அமெரிக்காவில் டெக்கா என்ற பெயர் வேறு நிறுவனத்தின் கையில் இருந்ததால் அங்கே லண்டன் லேபிளில் வந்தது. கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் இங்கிலாந்து அசலின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

லேபிளிலும் அட்டையிலும் 1973 என்று அச்சாகியிருப்பதை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள் அதிகம். அது ஒலிப்பதிவு உரிமையின் வருடம். மறு அச்சிலும் அதே வருடம்தான் இருக்கும். அட்டையில் பார்கோடு இருந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், 1973-ல் அது கிடையாது.

உறுதியான சாட்சி டெட்வாக்ஸில் இருக்கிறது, அதாவது கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையத்தில். மேசை விளக்கைத் தாழ்த்தி ஒரு பக்கமாக வைத்து, தட்டை விளிம்பிலும் லேபிளிலும் மட்டும் பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் எழுத்து பளிச்சென்று எழும். லேபிளின் கீழ்ப்பக்கம், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில், மேட்ரிக்ஸ் எண் இருக்கும். டெக்காவில் இது கையால் கீறியதாக இருக்காது, இயந்திரத்தால் குத்திய சிறிய, ஒழுங்கான எழுத்து. இசட்-ஏ-எல் என்று தொடங்கும். எண்ணின் கடைசியில் ஒரு கோடு, ஓர் இலக்கம், ஓர் எழுத்து. இலக்கம் எத்தனையாவது வெட்டு (ஒலியை முதல் தகட்டில் பள்ளமாக வெட்டுவது) என்பதையும், எழுத்து வெட்டிய பொறியாளரையும் குறிக்கும். டபிள்யூ என்றால் ஹாரி ஃபிஷர்.

இனி தட்டைக் கால் சுற்று திருப்பி 9 மணி இடத்தைப் பாருங்கள். அங்கே உள்ள தனி இலக்கம் 'மதர்' தகட்டின் வரிசை, அதாவது வெட்டுக்கும் ஸ்டாம்பருக்கும் இடைப்பட்ட தகட்டினுடையது. எதிரே 3 மணி இடத்தில் ஓர் எழுத்தோ இரண்டு மூன்று எழுத்துகளோ இருக்கும். அது 'ஸ்டாம்பர்' எண், அதாவது தட்டை அழுத்தி அச்சிடும் தகட்டின் எண். டெக்கா அதை எண்ணாகப் போடாமல் 'பக்கிங்ஹாம்' என்ற சொல்லின் பத்து ஆங்கில எழுத்துகளை இலக்கங்களாக்கிக்கொண்டது: பி-1, யு-2, சி-3, கே-4, ஐ-5, என்-6, ஜி-7, எச்-8, ஏ-9, எம்-0. 'பி' மட்டும் இருந்தால் முதல் ஸ்டாம்பர், 'யு-ஜி' என்றால் 27-ஆவது. எண் சிறியதாக இருந்தால் அந்தத் தட்டு ஆலையிலிருந்து முன்னதாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று கவனியுங்கள்: '1' என்ற வெட்டு எண் தனியாக முதல் அச்சை நிரூபிக்காது, அதே வெட்டிலிருந்து வருடக்கணக்கில் அச்சிட்டிருக்கலாம். லேபிள், வெட்டு, ஸ்டாம்பர் மூன்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். 1980-ல் டெக்கா பாலிகிராம் வசம் போனது. பக்கிங்ஹாம் முறை டெக்காவின் சொந்த நியூ மால்டன் ஆலையின் வழக்கம் என்பதால் பிற்கால அச்சுகளில் இதைத் தேட வேண்டாம்.

அசலோடு பாட்டு வரிகள் அச்சிட்ட தனித்தாள் ஒன்று வந்தது. பெரும்பாலும் காணாமல் போவது அதுதான். தாள் இல்லாத பிரதியை முழுப் பிரதியின் விலைக்கு வாங்காதீர்கள். தாள் இருந்தாலும் நகலா என்று சோதியுங்கள்: பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். ஓரம் புள்ளி புள்ளியாகக் கரைந்திருந்தால் ஸ்கேன் செய்து அச்சடித்தது. அட்டையின் பின்பக்கச் சிறு எழுத்துகளுக்கும் இதே சோதனைதான்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

இணையத்தில் வாங்குவதானால் இரண்டு லேபிள், இரண்டு பக்க டெட்வாக்ஸ் எழுத்து, தாளின் இருபுறம், அட்டையின் முதுகு, நான்கு மூலை, சாய்வு வெளிச்சத்தில் தட்டின் இரு பக்கம் ஆகியவற்றைப் படமாகக் கேளுங்கள். 'ஸ்டாக் படம்' (அந்தப் பிரதியுடையது அல்லாத பொதுப் படம்) போட்டவர் இதற்கும் தயங்கினால் விட்டுவிடுங்கள். போட்டுக் கேட்டுத் தரம் சொன்னாரா, கண்ணால் பார்த்து மட்டும் சொன்னாரா என்பதையும் கேளுங்கள். கண்ணுக்குப் பளபளப்பாக இருந்து ஊசியில் இரையும் தட்டுகள் உண்டு. பழைய கனமான ஊசிகள் பள்ளச் சுவரைத் தேய்த்திருக்கும். கீறல் இல்லாமலே ஒலி கரகரக்கும்.

தரக்குறியீட்டில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க கோல்ட்மைன் இதழின் முறையில் மின்ட் (புத்தம் புதிது), நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்) என்று இறங்கும். 'எக்ஸலென்ட்' என்ற படியே கிடையாது. இங்கிலாந்தின் ரெக்கார்ட் கலெக்டர் இதழின் முறையில் மின்ட்டுக்கு அடுத்து எக்ஸலென்ட், அதற்கு அடுத்து விஜி. இரண்டையும் கலந்து 'இஎக்ஸ் பிளஸ் பிளஸ்' என்று எழுதுபவர் எந்த முறையைச் சொல்கிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'வெரி குட்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். விஜி தட்டில் மென்மையான இடங்களில் இரைச்சல் கேட்கும். இந்த எல்பியின் கடைசிப் பாட்டு நரம்பிசையோடு அமைதியாகப் போவது, அங்கே ஒவ்வொரு சொடுக்கும் காதில் விழும்.

விலைக்கு டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டு இணையதளத்தில் அந்தக் குறிப்பிட்ட அச்சின் பக்கத்தில் விற்பனை வரலாற்றைப் பாருங்கள். கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்றுப் போன விலைகளின் நடுமட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது தட்டை உள்ளுறையோடு அட்டைக்கு வெளியே, பின்புறம் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அட்டைக்குள்ளேயே அனுப்பினால் வழியில் குலுங்கி, தட்டின் விளிம்பு அட்டையின் மேல் தையலைக் கிழித்துவிடும். தாளைத் தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்னும் பின்னும் நெளி அட்டை வைக்க வேண்டும். இரண்டு அட்டைகளின் நெளிகளும் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் மடங்காது.

கைக்கு வந்ததும்

பெட்டியைப் பிரித்தவுடன் போட்டுக் கேட்காதீர்கள். வெயிலிலோ குளிரிலோ வந்த தட்டை அறை வெப்பத்துக்கு வர ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு கருவியின் சுழல்மேடையில் வைத்து, கண்ணை விளிம்பின் மட்டத்துக்குக் கொண்டுபோய் சுழற்றிப் பாருங்கள். விளிம்பு மென்மையாக ஏறி இறங்கினால் பெரும்பாலும் ஊசி சமாளிக்கும். குறுகிய இடத்தில் சட்டென்று உயர்ந்தால் ஊசி துள்ளும். அது திருப்பி அனுப்ப வேண்டிய தட்டு. நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மெல்லிய கோடுகள் நிறைய இருந்தால், தடவித் தடவி அடிக்கடி போட்ட தட்டு என்று அர்த்தம்.

கீறலை நகத்தின் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நகம் தட்டினால் அந்த இடம் சுற்றுக்கு ஒரு முறை சொடுக்கும். தட்டாத மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் கேட்காது.

கழுவிய பிறகு (முறை கீழே) கேட்கும்போது முதலில் போட வேண்டிய இடம் முதல் பக்கத்தின் முடிவு, 'தி ராக்கர்'. தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியின் கீழே வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளே வரும்போது அது 21 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கப்படுவதால் தேய்மானமும் சிதறலும் அங்கேதான் முதலில் தெரியும். எரிக் பெல்லின் நீண்ட கிதார் தனிப்பகுதி சரியாக அந்த இடத்தில் விழுகிறது. கிதாரும் டௌனியின் சிம்பலும் தனித்தனியாகக் கேட்டால் தட்டு நல்ல நிலை. இரண்டும் சேர்ந்து மணலை அரைப்பதுபோல் ஒலித்தால், முன்பு வைத்திருந்தவரின் ஊசி வேலையைக் காட்டியிருக்கிறது. அந்தச் சேதத்தை எந்தக் கழுவலும் மீட்காது. ஆனால் அந்த முடிவுக்கு வரும் முன் உங்கள் ஊசியையும் சோதியுங்கள், நன்றாக இருப்பது தெரிந்த வேறொரு தட்டின் கடைசிப் பாட்டைப் போட்டால் போதும்.

கழுவுவது

ஐம்பது வயதுத் தட்டை ஊசி வைக்கும் முன் கழுவியே ஆக வேண்டும். பள்ளத்தில் உள்ள தூசி ஊசியின் அழுத்தத்தில் உப்புத்தாளாக வேலை செய்யும். கலவை: காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மில்லி, புகைப்பட ஃபிலிம் கழுவப் பயன்படும் வெட்டிங் ஏஜென்ட் (நீர் சீராகப் பரவ உதவும் திரவம்) சில துளி. நுரை வரும் அளவுக்கு ஊற்றினால் அதிகம். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பு காய்ந்து பள்ளத்தில் வெள்ளையாகத் தங்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் வாசனையும் வண்ணமும் சேர்ந்திருக்கும், அதுவும் ஆகாது.

லேபிளை மறைக்கும் ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். நீல லேபிளில் ஈரம் பட்டுக் கறை விழுந்தால் விலை இறங்கும். ஆட்டுமயிர்த் தூரிகையில் கலவையை எடுத்து, பள்ளங்கள் போகும் வட்டப் பாதையிலேயே இரு பக்கமும் சுற்றித் தேய்க்கவும். குறுக்கே தேய்க்கக் கூடாது. ஒரு நிமிடம் ஊறவிட்டு, வெறும் காய்ச்சி வடித்த நீரால் வேறொரு தூரிகை கொண்டு அலசுங்கள். அலசாமல் விட்டால் ரசாயனப் படலம் காய்ந்து ஊசியில் பிசினாகச் சேரும். 'கழுவின பிறகு இரைச்சல் கூடிவிட்டது' என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டியவர்கள். உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் செங்குத்தான தாங்கியில் நிழலில் உலரவிடுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருப்பவர்கள் நீரின் வெப்பத்தை 35 டிகிரிக்கு மேல் விடாதீர்கள்.

அட்டையில் பழைய விலைச் சீட்டு ஒட்டியிருந்தால் உரிக்கும் முன் மேற்பரப்பைப் பாருங்கள். பளபளப்பான லாமினேட் படலம் இருந்தால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி, பசை இளகியதும் ஒரு மூலையிலிருந்து மெல்ல எடுக்கலாம். படலம் இல்லாத அட்டையில் சீட்டை அப்படியே விடுவதுதான் புத்திசாலித்தனம், ஓவியம் சீட்டோடு கிளம்பிவிடும்.

போடுவதும் வைப்பதும்

கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருந்திய பகுதி) அதன் தயாரிப்பாளர் சொன்ன எடையை வைத்தால் போதும்: ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம், ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ என்றால் 2 கிராம். 'தட்டு தேயக் கூடாது' என்று எடையைக் குறைப்பவர்கள்தான் தட்டைக் கெடுக்கிறார்கள். இலேசான ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் சுவரில் மோதும். ஊசியின் ஆயுள் வகைக்கு வகை மாறும், சில நூறு மணி முதல் சுமார் 1000 மணி நேரம் வரை. இந்த விலைக்குத் தட்டு வாங்குபவர் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

தட்டைப் புதிய பாலித்தீன் உள்ளுறையில் போடுங்கள். பழைய உள்ளுறையையும் தாளையும் எறியாமல் அட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அவையும் அந்தப் பிரதியின் பகுதி. வெளியுறை பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும். கனமான பிவிசி உறை பார்க்க அழகாக இருக்கும். வருடங்கள் போனால் அதிலிருந்து கசியும் ரசாயனம் தட்டின் மேல் மங்கல் படலமாகப் படியும், துடைத்தாலும் போகாது. செங்குத்தாக, சாயாமல், வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள்.

பணம் போதாவிட்டால்

2023-ல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் கூடுதல் பதிவுகளும் உண்டு, கேட்பதற்கு அது போதும். டெக்காவே பின்னாளில் போட்ட தொகுப்புகளில் கவனம் தேவை. 1976-ல் வந்த 'ரிமெம்பரிங் பார்ட் 1' வெறும் தொகுப்பு, மலிவாகக் கிடைக்கும். 1979-ல் வந்த 'தி கன்டினியூயிங் சாகா ஆஃப் தி ஏஜிங் ஆர்ஃபன்ஸ்' அப்படியில்லை: பழைய பாட்டுகளின் மேல் 1977-ல் புதிதாக வாசித்துச் சேர்த்து, மறுகலவை செய்தது. மூவர் காலத்து ஒலியை எதிர்பார்த்து அதை வாங்கினால் ஏமாற்றம்தான். ஃபங்கி ஜங்ஷன் என்ற பெயரில் டீப் பர்பிள் பாட்டுகளை வாசித்த மலிவு எல்பி ஒன்றும் கண்ணில் படும். வாசித்தது இந்த மூவரும் கூடுதலாக இருவரும். பாடியது லைனட் இல்லை, அட்டைப் படத்தில் இருப்பது வேறு குழு. வேடிக்கைக்காக வாங்கலாம்.

1970-களின் வெர்டிகோ இங்கிலாந்து அசல்களுக்கு ரோஜர் டீன் வரைந்த விண்கல லேபிள் அடையாளம். டெட்வாக்ஸில் 420 என்ற எண் இருந்தால் இங்கிலாந்து ஃபோனோடிஸ்க் ஆலையில் அச்சானது. கறுப்பு வெள்ளைச் சுழல் லேபிள் என்று யாராவது விளம்பரப்படுத்தினால் நம்பாதீர்கள், குழு வெர்டிகோவுக்கு வந்தபோது இங்கிலாந்தில் அந்த லேபிள் வழக்கொழிந்துவிட்டது.